கீசர் ஓடுகிற வரைக்கும்

மரியசுந்தரம் வீட்டு கீசருக்குப் பதினோரு வயது. வில்லியனூர்ப் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்புக்கு ஐந்தாறு வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம். இது கடைசி இரண்டு வருஷமாகத் தன்னால் ஆனமட்டும் சொல்லிப் பார்த்தது. உள்ளே கடமுடவென்று சத்தம் போட்டது, செம்மண் நிறத்தில் தண்ணீர் விட்டது, அடியில் துரு சொட்டியது. சொன்னால் போதுமா, கேட்கிற மனுஷனுக்குக் காது வேண்டாமா!

இப்போது அதை மாற்றக் காரணம் மகள் ஷெரின். தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். அம்மா இல்லாத வீட்டுக்கு எதற்குப் போகிறாய் என்று மாமியார் தடுத்தும் கேட்கவில்லை.

"எனக்கு ஒன்னும் வேணாம்பா. குளிக்க சுடுதண்ணி மட்டும் இருந்தா போதும்" என்றாள் போனில்.

"சரிம்மா" என்றார்.

மனைவி லூசி போய் ஏழு மாதமாகிறது. அன்றிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் சரிதான். சாப்பிடக் கூப்பிட்டால் சரி, பூசைக்குக் கூப்பிட்டால் சரி. குழியில் மண் போட்டபோதுகூட அழுகை வரவில்லை. நெஞ்சு மரத்துப்போனது அவருக்கே தெரிந்துதான் இருந்தது.

லூசி இறந்தது பாத்ரூமில். ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசைக்குக் கிளம்புகிற நேரம். வயது ஐம்பத்தாறு, சர்க்கரை வேறு, மாரடைப்புதான் என்று ஊரே முடிவு கட்டியது. "குடுத்து வெச்ச சாவு, கோயிலுக்குக் கெளம்பும்போதே ஆண்டவரு கூப்ட்டுக்கினாரு" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அவரும் நம்பினார். அதன்பிறகு அந்த கீசரை யாரும் போடவில்லை. அவர் பின்பக்கத்துக் குழாயடியில் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டார்.

கீசரை மாற்ற வந்த வீரமணி, சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் ஷிப்டு பார்க்கிற ஆள். லீவு நாளில் எலக்ட்ரிக் வேலைக்குப் போவான். இந்த ஊருக்கே அவன் புதிது, இந்த வீட்டுக் கதை எதுவும் தெரியாது. கீசரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"இதுக்கு ரிப்பேரே கெடையாதுண்ணா. எப்பவோ மாத்தியிருக்கணும்."

"சரி."

கழற்றிக் கீழே இறக்கி, தண்ணீரைச் சூடாக்குகிற காயிலை உருவினான். உப்பு அப்பி, நடுவில் வெடித்து, உள்கம்பி வெளியே தெரிந்தது.

"ஐயையோ, தண்ணியிலயே கரண்ட்டு வந்திருக்குமே! டிரிப்பர் வுழலியா?" என்று போர்டைத் திறந்தவன் அப்படியே நின்றான். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை நிறுத்துகிற டிரிப்பரை ஒதுக்கிவிட்டு, கீசர் ஒயர் நேராக மெயினுக்குப் போயிருந்தது. எர்த் ஒயர் துருப்பிடித்து அறுந்து கிடந்தது.

"எந்த மடையன்ணா இப்டி ஒயர் குடுத்தது?"

"நான்தான்."

வீரமணி நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்பா நெனச்சிக்காதீங்க. நல்லவேள, யாருக்கும் ஒன்னும் ஆவல."

"ம்" என்றார் மரியசுந்தரம்.

அப்போதெல்லாம் கீசரைப் போட்டாலே டிரிப்பர் விழும், டிவி பாதியில் நிற்கும். ஒருநாள் எரிச்சலில் ஸ்க்ரூடிரைவரை எடுத்தவர், விட்டது தொல்லை என்று லூசியிடம் பெருமையடித்துக்கொண்டார். அடுத்த வாரமே அவள் வந்து நின்றாள்.

"இன்னாங்க, கொழாய தொட்டா கை சுர்ருங்குது. வேற வாங்கிடலாமே."

"ஓட்ற வரைக்கும் ஓடட்டும்டி. செருப்பு போட்டுக்கினு குளி."

அவள் சந்தையில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு வாங்கி வந்து பாத்ரூம் வாசலில் போட்டாள். அதை மாட்டிக்கொண்டுதான் தினமும் குளித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தவிர.

அன்றைக்கு விடிந்ததும் மோட்டார் போடப் போனவர், தன் செருப்பைத் தேடச் சோம்பல்பட்டு அந்த நீலச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். "என் செருப்பு எங்கங்க?" என்று அவள் பாத்ரூம் ஜன்னல் வழியாகக் கேட்டாள். "சேறாயிடுச்சி, ஒருநாளு சும்மா குளி" என்று தோட்டத்திலிருந்து கத்தினார். திரும்பி வந்தபோது தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே இருந்த கீசர் சுவிட்சை வழக்கம்போல அணைத்துவிட்டுத்தான் கதவைத் தட்டினார், பிறகு இடித்துத் திறந்தார். அதனால் அவளைத் தூக்கியபோது அவர் கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்ததுதான் இல்லை.

வீரமணி புதிய கீசரை மாட்டி, எர்த் அடித்து, டிரிப்பரில் லைன் கொடுத்து, டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டினான். டப்பென்று விழுந்தது.

"இன்னொருவாட்டி அழுத்து" என்றார். அழுத்தினான். "இன்னொருவாட்டி."

அடுத்த வாரம் ஷெரின் வந்தாள். கீசரைப் போட்டுவிட்டுக் குளிக்கத் துண்டும் கையுமாகப் போனவள், கழுவித் துடைத்துப் பாத்ரூம் வாசலில் வைத்திருந்த செருப்பைப் பார்த்து நின்றாள்.

"புது கீசர்தானப்பா? அப்புறம் எதுக்கு அம்மா செருப்பு?"

வழுக்கும் என்று சொல்லியிருக்கலாம். நல்ல பொய், நிறைமாதக்காரிக்குப் பொருத்தமான பொய், யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. அவருக்குத்தான் அதைச் சொல்லத் தெம்பில்லை.

"அம்மாவுக்கு ஹார்ட் அட்டாக்கு இல்லம்மா. கரண்ட்டு. டிரிப்பர நான்தான் எடுத்து வுட்டேன். அன்னிக்கு இந்தச் செருப்பயும் நான்தான் போட்டுக்கினு பூட்டேன்."

ஷெரின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றில் இருந்தது. துண்டை நாற்காலியில் வைத்தாள்.

"நான் மாமியா வூட்டுக்கே போறேன்பா. அவர வந்து கூட்டிக்கினு போவச் சொல்றேன்."

"சரிம்மா" என்றார் மரியசுந்தரம். கை நீண்டு, வழக்கம்போல, கீசர் சுவிட்சை அணைத்தது.