கல் ஏறிய இடம்

ஸ்ட்ரெச்சரின் சில்லு வேன் படியில் மாட்டிக்கொண்டது. சாரதி கனகரெத்தினம் குனிந்து அதை விடுவித்தார். மையித்தை உள்ளே கிடத்தியதும் நஸீறா, கணவர் றஸாக்கின் உயிரற்ற பாதங்களில் விலகியிருந்த வெள்ளைத் துணியை இழுத்து மூடினாள்.

றஸாக் புவியியல் வாத்தியார். ஓய்வு பெறுவதற்கு முன்பிருந்தே, மலையையும் பாறையையும் பார்க்க விரும்புகிறவர்களைக் கல்முனையிலிருந்து இரண்டு நாள் பயணமாக அழைத்துப் போவார்; வேன் எப்போதும் கனகரெத்தினத்துடையது. நேற்று ஒன்பது பேருக்கு மலைப்பாதையின் பதினெட்டு வளைவைக் காட்டினார். இன்று விடியலில் சுபஹு தொழுதுவிட்டு, மகியங்கனை விடுதியில் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில் பத்து மணிக்குத்தான் மையித்தைக் கொடுத்தார்கள்.

மகன் றிபாஸ் போனில் கதைத்தான்.

"உம்மா, பின்னேரம் அசருக்கு அடக்குறதுக்குச் சொல்லியாச்சு. வந்துருவீங்களா?"

"வந்துருவம் மகன்."

அந்த ஒன்பது பேரின் வேன் பின்னால் வந்தது. ஜனாஸா அடக்கத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பதியதலாவ தாண்டியதும் நஸீறாவுக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது. கல்யாணம் முடித்த வருஷம் இதே ரோட்டில்தான் றஸாக் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்தார். ரோட்டுக்காக வெட்டிய பாறைமுன் நிறுத்தி, ஒரு கையை மேல் பாறையிலும் மறு கையைக் கீழ்ப் பாறையிலும் வைக்கச் சொன்னார். வெயில் தலையைப் பிளந்தது.

"இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டி வந்தீங்க?"

"ஓம். இதுக்குத்தான்."

அன்று முழுக்க அவள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு இருபத்தாறு வருஷமாக, எல்லாருக்கும் சோறு கட்டிக்கொண்டு அவளும் கூடவே வந்தாள்.

அந்தப் பாறைவெட்டு தூரத்தில் தெரிந்தது.

"அண்ணன், ஓரமா நிப்பாட்டுங்க."

"நேரம் போகுது தங்கச்சி."

"ரெண்டு நிமிசம். அவர் பின்னால வாறவங்களுக்கு இதக் காட்டல்ல."

கனகரெத்தினம் வேனை நிழலில் ஒதுக்கினார்.

ஒன்பது பேரும் என்னவோ ஏதோவென்று இறங்கி வந்தார்கள். நஸீறா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பாறையருகே போனாள்.

"மேல இரிக்கிறது வயசு கூடின கல்லு. கீழ இரிக்கிறது வயசு குறைஞ்சது. பூமி நெருக்கின நெருக்கத்துல அது வந்து இதுக்கு மேல ஏறிட்டு. அந்த மலையெல்லாம் அப்பிடி ஏறி வந்ததுதான்." "கை வச்சுப் பாருங்க. ரெண்டும் ரெண்டு மாதிரி."

ஒவ்வொருவராக வந்து கை வைத்தார்கள். யாரும் படமெடுக்கவில்லை. கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

"ஏறி எவ்வளவு காலம் ஆண்ட்டி?"

யாராவது கேள்வி கேட்டால் அவரைத் திரும்பிப் பார்ப்பது நஸீறாவின் பழக்கம். இப்போதும் திரும்பினாள். வேனின் பின்கதவு மூடியிருந்தது.

"ஐம்பத்தஞ்சு கோடி வருசம்," என்றார் கனகரெத்தினம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "சேர் அப்பிடித்தான் சொல்லுவார்."

அசருக்கு முன்பே கல்முனை போய்ச் சேர்ந்தார்கள். குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, கடைசியாக முகம் காட்டினார்கள். பிறகு ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கலிமாச் சத்தம் ஒழுங்கையைத் தாண்டித் தேய்ந்தது.

பெண்கள் நஸீறாவை உள்ளறைக்கு அழைத்தார்கள். கணவனை இழந்தவள் வெளியே போகாமல் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டிய அறை. அப்போதுதான் தங்கச்சி முஸ்பிறா கவனித்தாள்.

"ராத்தா, சப்பாத்தோட நிக்கிறீங்க."

கழற்றிவிடக் குனிந்தவளை நஸீறா தடுத்தாள். கதவோரம் உட்கார்ந்து தானே கயிற்றை அவிழ்த்தாள். மலைச் செம்மண் அப்பியிருந்த இரண்டையும் சோடியாக, முனை தெருவாசலைப் பார்க்க வைத்துவிட்டு உள்ளே போனாள்.