மாமனாரின் மோதிரம் சிவந்த கதை

பள்ளியில் என் பட்டப்பெயர் மூலக்கூறு. என் குட்டி உருவத்தைப் பார்த்து மாணவர்கள் வைத்தது. வேதியியலில் என் புலமையைப் பார்த்து அல்ல. அன்று வகுப்பில் உலோகங்களின் வினைதிறன் வரிசை நடத்தினேன்.

"மேல இருக்கிற உலோகம், கீழ இருக்கிறதைக் கரைசல்லேருந்து வெளியே தள்ளிடும். இரும்பு செம்பைத் தள்ளும். வெள்ளி செம்புக்கும் கீழே, பாவம், அதால ஒண்ணும் முடியாது. பாருங்க."

கல்யாணத்தன்று மாமனார் போட்ட மோதிரத்தைக் கழற்றினேன். "சுத்த வெள்ளி, மாப்பிள்ளை" என்று சொல்லித்தான் போட்டார். கையில் நீலம் ஒட்டக்கூடாதே என்று அதை இரும்பு இடுக்கியால் கவ்வி, காப்பர் சல்பேட் என்ற நீலநிறச் செம்புக் கரைசலில் அமிழ்த்திப் பிடித்தேன்.

செம்பு படிந்து மோதிரம் சிவந்தது. என் முகமும்.

"சார், தள்ளிடுச்சு!"

"வெள்ளியே இல்ல போல சார். யாரு சார் கொடுத்தது?" என்றது கடைசி பெஞ்சு.

மணி அடித்து மானத்தைக் காப்பாற்றியது. ஆனால் தலைக்குள் ஒன்றும் விளங்கவில்லை. வரிசை தப்பா, மாமா தப்பா? கரைசலையும் இடுக்கியையும் வீட்டுக்கே எடுத்துப்போனேன்.

விஷயத்தைக் கேட்டதும் மனைவியின் கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பாவா? பக்கத்து வீட்டுப் பேப்பரைக்கூடக் கேட்டுட்டுத் தொடுற மனுஷனா?"

"நான் சொல்லல, செம்பு சொல்லுது."

"அப்படியா? இதைப் பத்தியும் செம்பையே கேளுங்க." தன் வெள்ளி மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள்.

இடுக்கியால் கவ்வி இறக்கினேன். அதுவும் சிவந்தது.

"இது நீங்க வாங்கிக் கொடுத்தது," என்றாள் நிதானமாக.

எனக்குத் தலை சுற்றியது. ஒரே வீட்டில் இரண்டு மோசடிக்காரர்கள், அதில் ஒருவன் நானா? மோதிரத்தை இடுக்கியோடு தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: இடுக்கியின் முனையும் சிவப்பு.

"அடடா! இரும்பு! வெள்ளியைத் தொட்டுக்கிட்டே கரைசல்ல நின்னிருக்கு. இது கரைஞ்சு செம்பைத் தள்ளியிருக்கு, அது போய் வெள்ளி மேலயும் உக்காந்திருக்கு. வேலை பார்த்தது இடுக்கி, பழி மோதிரத்துக்கு!"

"பழி எங்கப்பாவுக்கு," என்று திருத்தினாள்.

சரிபார்க்க, அவள் வெள்ளிக் கொலுசை இடுக்கி இல்லாமல் நூலில் கட்டிக் கரைசலில் இறக்கினோம். எவ்வளவு நேரம் பார்த்தாலும் வெள்ளையாகவே கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

அந்த நேரம் பார்த்தா போன் அடிக்கவேண்டும்? மாமனார்.

"அப்பா, நீங்க இவருக்குப் போட்ட மோதிரம் இருக்கில்ல..." என்று தொடங்கி, என்னை ஒரு பார்வை பார்த்தாள். போனைப் பிடுங்கக் கை நீட்டினேன்.

"...இப்பதாம்பா அதுக்கு நல்லா நிறம் ஏறியிருக்கு. நாளைக்கு அதைப் போட்டுக்கிட்டே போய், கொடுத்தது யாருன்னு வகுப்புல பெருமையா சொல்லப்போறாராம்."