கறுத்த சீவல்

மெஸ்காரம்மா கையைச் சுட்டுக்கொள்ளாத நாள் உண்டு; நாத்தனாரைப் பற்றிப் புலம்பாத நாள் கிடையாது.

மெஸ்ஸின் மிச்சம் மீதியைக் கொல்லைத் தொட்டியில் கொட்டி, அதில் வரும் வாயுவிலேயே அவள் அடுப்பெரித்தாள். ஆரம்பத்தில் அது அழுகிய முட்டையாய் நாறியது. மாடியில் குடியிருந்த நாத்தனார் ஜன்னலை அறைந்து சாத்துவாள். தெரு அவளுக்கு 'மூக்கு' என்றே பெயர் வைத்துவிட்டது. தங்கையின் வாயை அடைக்க, மெஸ்காரம்மாவின் வெல்டர் வீட்டுக்காரர் அந்த வாயுவைத் துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய டிரம்கள் வழியாக விட்டார். நாற்றத்தைத் துரு தின்றது. தீ நீலமாய் எரிந்தது. சீவல் கறுத்ததும் எடுத்துத் தரையில் பரப்பி, தண்ணீர் தெளித்து ஆறவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மெஸ்காரம்மா சுத்தக்காரி. சாப்பிட வருகிறவர்கள் கைகழுவும் இடத்தில் கரியைப் பரப்புவதாவது? சாக்கில் அள்ளி, இறுக்கிக் கட்டி, சாமான் அறையில் தள்ளினாள். பரப்பியாயிற்றா என்று கேட்டவரிடம் ஆயிற்று என்றாள்.

மறுநாள் மதியம் சாமான் அறை எரிந்தது.

அடுப்போ மின்கம்பியோ இல்லாத அறை. அந்நேரம் கொல்லையில் துணி உலர்த்தியவள் மூக்கு ஒருத்திதான். தெருவுக்கு அது போதாதா? அவள் இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று மெஸ்காரம்மா ஒரே பிடியாய் நின்றாள். இரண்டு பக்கமும் இடிபட்ட வீட்டுக்காரர், வேலை இருக்கிறதென்று நழுவிவிட்டார்.

நாத்தனார் டிரங்குப் பெட்டியோடு படியிறங்கினாள். மதில் மேல் அத்தனை தலைகள். அன்று காலை மெஸ்காரம்மா அடுத்த டிரம்மிலிருந்து அள்ளிக் கட்டிய சீவல், மூட்டையாய்ப் படிக்கட்டின் கீழே கிடந்தது.

"நான் வைக்கல அண்ணி."

"அப்ப தானா எரிஞ்சுதா? யாராவது வச்சாத்தானடி எரியும்?"

சொல்லி வாய் மூடவில்லை. மூட்டையிலிருந்து புகை வந்தது. பக்கத்தில் ஆள் இல்லை, நெருப்பில்லை. சாக்கு நடுவில் பழுப்பேறி, ஓட்டை விழுந்தது. உள்ளே குவிந்து கிடந்த கறுத்த இரும்பு, காற்றுப் பட்டுத் தானே சூடேறி, ஊதிவிட்ட கங்காய்ச் சிவந்திருந்தது. மெஸ்காரம்மா தன் கையால் கட்டிய முடிச்சு கண்ணெதிரே கருகிக்கொண்டிருந்தது.

நாத்தனார்தான் பெட்டியை வைத்துவிட்டு, வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினாள். பிறகு மறுபடி பெட்டியைத் தூக்கினாள். மெஸ்காரம்மா அதன் மறுபக்கக் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அண்ணி. நாளைக்கு மழை பெஞ்சாலும் நான்தான் ஊத்தினேன்னு சொல்வீங்க."

மெஸ்காரம்மா விடவில்லை.