எடைக்கு எடை கோதுமை

என் தங்கை வானியா அந்தத் தராசில் ஏறி உட்காரக் கூடாது என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் நான் சொல்வதை யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்?

வேண்டிக்கொண்டது அம்மா. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் உடம்பே உடம்பைத் தாக்குகிற லூபஸ் நோய் வானியாவின் சிறுநீரகத்தைப் பிடித்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். கால்கள் மட்டும் நீர் கோத்து வீங்கியிருந்தன. அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழந்தாளிட்டு, என் மகளை எழுப்பிக் கொடு, எடைக்கு எடை கோதுமை தருகிறேன் என்று நோய் தீர்க்கிற புனித ரோக்கிடம் சொல்லிவிட்டாள். எங்கள் மலைப்பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். ஆகஸ்ட் திருவிழாவில் கோவில் முற்றத்து ஓக் மரத்தில் பெரிய தராசைத் தொங்க விடுவார்கள். ஒரு தட்டில் நாற்காலி, மறு தட்டில் கோதுமை மூட்டைகள். பெரும்பாலும் குழந்தைகளைத்தான் உட்கார வைப்பார்கள். இருபத்தாறு வயதுப் பெண்ணை ஊரே பார்க்க ஏற்றி வைப்பது வேறு.

அதுவும் கார்டிசோன் சாப்பிடுகிற பெண்ணை. அந்த மாத்திரைதான் அவள் உயிரைக் காப்பாற்றியது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முகத்தை உருண்டையாக்கியது, பிடரியில் சதை போட்டது, பசியை ஏவிவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவும்போதே பசிக்கிற பசி. மக்காச்சோள ரொட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை வானியாவே என்னிடம் கொடுத்து வைத்தாள். உப்பில்லாத சூப், வேகவைத்த மீன், வெயில் தாழ்ந்த பிறகு ஆற்றங்கரை வரை நடை என்று டாக்டரம்மா சொன்ன எல்லாவற்றையும் செய்தாள். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. "மாத்திரைய நான் கொறைப்பேன், நீ கொறைக்காத. அது கொறையக் கொறைய உடம்பும் எறங்கும், பொறுமையா இரு" என்று டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் அனுப்புவார். பொறுமையாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும்.

போன வருஷம் "இளைச்சிட்டு உக்கார்றேன்" என்று தப்பித்துக்கொண்டாள். இந்த வருஷம் அம்மா விடவில்லை. சாமி காரியம் நிற்கக் கூடாதாம்.

திருவிழாவன்று காலை, பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்த அல்பெர்டீனா சித்தி எங்கள் சமையலறையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். வானியா உள்ளே வந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடி இது, கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி! நான் அங்க வீடு வீடாத் தொடைச்சு ஓடாத் தேயறேன். நீ உக்காந்த எடத்துலயே பூசிட்டியே."

"உங்களுக்கும் வேணுமா சித்தி? ஒரு டப்பா தர்றேன், முழுங்குங்க" என்றாள் வானியா.

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை, என்னைப் பார்த்து முறைத்தாள். வானியாவின் கண்ணிமைகள் அன்றைக்கு உப்பியிருந்தன. ராத்திரி அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அவளுடைய செருப்பு காலில் நுழையவில்லை. அம்மாவின் துணிச்செருப்பை மாட்டிக்கொண்டு அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அக்கா, நம்ம எடை மெஷின் கெட்டுப்போச்சு. மொதல்ல நல்லா எறங்குச்சு. இப்ப பத்து நாளா ஏறிட்டே இருக்கு. நான் கீரை சூப்பத் தவிர ஒண்ணும் தொடல தெரியுமா?"

"அத விடு. வெயில் ஏறப்போகுது, களிம்பு தடவுனியா?"

"பைல இருக்கு, எடு."

அவளுக்கு வெயில் ஆகாது. கழுத்து வரை மூடிய முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, தோல் தெரிகிற இடமெல்லாம் களிம்பு. களிம்பைத் தேடிப் பையில் கையை விட்டேன். முடிச்சுப் போட்ட கைக்குட்டை ஒன்று வந்தது. அவிழ்த்தால் உள்ளே மாத்திரைகள். எல்லாம் பாதி பாதியாக வெட்டியவை. ஒரு கைப்பிடி இருக்கும்.

அதைப் பைக்குள்ளேயே திரும்பத் திணித்தேன். கதவைச் சாத்தினேன்.

"எப்பலேர்ந்துடி?"

அவள் தொப்பியின் நாடாவைக் கட்டிக்கொண்டே, "ஜூலைலேர்ந்து" என்றாள்.

"ஒனக்கென்ன பைத்தியமா? செத்துப் பொழைச்சது மறந்துபோச்சா?"

"மெதுவாப் பேசுக்கா. பாதி சாப்பிடறேன்ல, நிறுத்தலையே. கொஞ்சமாவது இளைச்சு அந்த நாற்காலில ஏறணும். தராசுக்கார அபிலியோ மைக்கப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு மூட்டைக்கும் கத்துவான். பள்ளிக்கூடத்துல என்கூடப் படிச்சதுங்க எல்லாம் புருஷனோட வந்து நிக்கும். ஒனக்கென்ன, நீ ஒரு முழு ரொட்டியத் தின்னுட்டும் ஊசி மாதிரி இருக்க."

டப்பாவிலிருந்து ஒரு முழு மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். என் கண் எதிரிலேயே விழுங்கினாள். ஒரு மாத்திரை ஒன்றரை மாதத்தைச் சரிக்கட்டாது என்று எனக்குத் தெரியும்.

"கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

"தராசுலேர்ந்து எறங்குன உடனே வர்றேன், சத்தியமா. இப்பவே அம்மாகிட்ட சொன்னேன்னு வை, அங்கயும் வரமாட்டேன், எங்கயும் வரமாட்டேன். இங்கயே படுத்துக்குவேன்."

அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். கட்டித் தூக்கிக்கொண்டா போக முடியும்? வண்டிச் சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கோவில் மலை உச்சியில் இருக்கிறது. வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டுப் படியேற வேண்டும். கோதுமை மூட்டைகளைக் காலையிலேயே பின்பக்கத்து மண்பாதை வழியாக டிராக்டரில் ஏற்றி அனுப்பியிருந்தாள் அம்மா. ஐந்து போதும் என்பது அவள் கணக்கு. நான் வானியாவுக்குப் பின்னால் ஏறினேன். பாதி வழியில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"தலை சுத்துதா?"

"இல்ல. செருப்பு கடிக்குது."

துணிச்செருப்பு எங்கேயாவது கடிக்குமா? மத்தி மீன் சுடுகிற புகையும் எண்ணெயில் பொரிகிற மாவின் வாசனையும் மேலேயிருந்து இறங்கி வந்தன. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள். அடுத்த படிக்காகப் பாவாடையைத் தூக்கியபோது கால் தெரிந்தது. காலுறை இறுக்கிய இடத்தில் கயிறு கட்டியதுபோல ஆழமான தடம். உப்பிய இமை, நுழையாத செருப்பு, கெட்டுப்போன எடை மெஷின் எல்லாம் ஒன்றாக மண்டையில் வந்து உட்கார்ந்தன.

"வானியா, நில்லு. ஒன் காலக் காட்டு."

அவள் நிற்கவில்லை. அதற்குள் அம்மா மேலேயிருந்து கையை நீட்டி அவளை இழுத்துக்கொண்டாள். பாண்டு வாத்தியம் முழங்க, புனித ரோக் தோள்களில் ஏறிக் கோவிலை விட்டு வந்தார். அங்கியை விலக்கித் தொடைப் புண்ணைக் காட்டிக்கொண்டு, பக்கத்தில் நாயோடு நிற்கிற சிலை. கூட்டம் மொத்தமும் அவரைப் பார்த்து நெருக்கியது. நான் முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னேறினேன். திட்டு வாங்கினேன், திருப்பியும் கொடுத்தேன். ஓக் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வானியா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

தராசைப் பார்த்துக்கொள்கிற அபிலியோ மைக்கைத் தட்டினான். வேளாவேளைக்கு ஒயின் குடித்து முகம் சிவந்த ஆள், மனசு நல்ல மனசு.

"தெயோலிந்தா அம்மாவோட பொண்ணு! சாமி திருப்பிக் குடுத்த பொண்ணு! போடுங்கப்பா மூட்டைய!"

ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். ஐந்தாவது மூட்டையும் விழுந்தது. வானியாவின் தட்டு தரையை விட்டு அசையவில்லை. யாரோ பின்னாலிருந்து விசில் அடித்தான்.

"பத்தலையே! சாமி கைராசியப் பாத்தீங்களா? நம்ம கமிட்டி கோதுமையக் கொண்டாங்க!"

ஆறாவது மூட்டை. ஜனங்கள் சிரித்தார்கள். அது கெட்ட சிரிப்பு இல்லை, திருவிழாச் சிரிப்பு. ஆனால் நாற்காலியில் இருப்பவளுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியும்? தொப்பியின் கீழே அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. அம்மாவோ கண்ணில் நீர் வழிய நிற்கிறாள், அவ்வளவு சந்தோஷம். ஏழாவது மூட்டை போட்டதும் தட்டு கொஞ்சம் ஆடியது.

"இன்னும் ஒரு கைப்பிடி!" என்றான் அபிலியோ.

நான் கயிற்றைத் தாண்டி உள்ளே போய் அவள் முன்னால் முழந்தாளிட்டேன். காலுறையை இழுத்துவிட்டு முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை அழுத்தினேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தினமும் அழுத்திப் பார்த்த அதே இடம். விரலை எடுத்தேன். பள்ளம் அப்படியே நின்றது.

வானியா குனிந்து அதைப் பார்த்தாள். சிறுநீரகம் மறுபடி படுத்துவிட்டது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"கொழுப்பு இல்லையாக்கா?"

"இல்லடி. தண்ணி."

"அப்ப நான் பட்டினி கெடந்தது?"

அதற்குள் அம்மா பக்கத்தில் வந்துவிட்டாள். "என்னடி ரெண்டு பேரும் நடுவுல" என்றவள், அந்தப் பள்ளத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். வானியா பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். அம்மா முடிச்சை அவிழ்த்துப் பாதி மாத்திரைகளைப் பார்த்தாள். எல்லாம் சேர்ந்தும் அபிலியோ கேட்ட கைப்பிடிக் கோதுமையின் எடைக்குக் காணாது.

அடிப்பாள் என்று நினைத்தேன். எனக்கும் சேர்த்து விழும் என்று நினைத்தேன். அம்மா மைக்கை மட்டும் கையால் தள்ளிவிட்டாள்.

"ஆட்டத்த நிறுத்து அபிலியோ. டிராக்டரக் கொண்டா, இவ படி எறங்கக் கூடாது."

அபிலியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஓடினான். வானியாவை இரண்டு பக்கமும் பிடித்து எழுப்பினோம். அவள் எழுந்ததும் கோதுமைத் தட்டு தடாலென்று தரையில் விழுந்து ஒரு மூட்டை பிரிந்தது. கோதுமை கொட்டிய இடத்தில் யாரும் கைதட்டவில்லை.

டிராக்டரில் கீழே வந்து இறங்கியதும் வண்டியை நான் ஓட்டினேன். பின் இருக்கையில் வானியாவின் கால்கள் அம்மா மடியில் இருந்தன. ஊரைத் தாண்டினோம். பிறகு அம்மா ஆரம்பித்தாள்.

"ஆஸ்பத்திரில நீ ஒரு கூடைக் கனம்கூட இல்ல. ஒன்னத் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்கறப்ப எல்லாம் பயமா இருக்கும். நெறையக் குடுக்கணும்னுதான்டி எடைக்கு எடைன்னு வேண்டிக்கிட்டேன். கொறைச்சுக் குடுக்கச் சொல்லி ஒன்ன யாரு கேட்டா?"

கண்ணாடியில் பார்த்தேன். வானியா தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த உருண்டை முகத்தை மறைக்காமல் அழுதுகொண்டிருந்தாள். நகரத்துச் சாலை வந்தது. நான் இன்னும் வேகமாக அழுத்தினேன்.

"வேண்டுதல் பாதில நிக்குதேம்மா" என்றாள் வானியா.

"நிக்கட்டும். அடுத்த வருஷம் முடிக்கலாம்."

"அப்பவும் குண்டாத்தான் இருந்தா?"

அம்மா அவள் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை மூட்டை வேணா போகட்டும். நீ வந்து உக்காந்தாப் போதும்டி."