கரடிக்கு எடுத்த ரீடிங்

கரடிக்கு மீட்டர் ரீடிங் எடுத்த ஒரே மனிதன் இந்தப் பூமியில் நான்தான். நாலாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு யூனிட். கரடியின் உயரம் மின்கம்பத்துக்கு ஒரு சாண் குறைவு. நான் ரீடிங்கை உரக்கச் சொன்னதும், சரிதான் என்று தலையாட்டிவிட்டுத் தன் வழியே போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது என் மகள் சிரிக்கவில்லை. என் புளுகைக் கேட்டுச் சிரித்தே வளர்ந்தவள் அவள். ஆனால் போன மாதம் நான் சைக்கிளோடு குட்டிக்கரணம் போட்டுத் தலையில் அடிபட்டதிலிருந்து, டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்: இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால், அன்றோடு சைக்கிளை நிறுத்திவிட வேண்டும்.

அவள் என்னைக் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த என் மச்சானைக் கேட்டாள்.

"மாமா, நீங்க கூடத்தானே போனீங்க. கரடி வந்துச்சா?"

மச்சான் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தராசு என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். கடைக்காரன் எடைக்கல்லில் ஒட்டியிருக்கும் தூசியைக்கூட மன்னிக்காதவர், பொய் சொல்லவே தெரியாதவர். அதனால்தான் மகள் அவருக்கும் ஒரு மலை சைக்கிள் வாங்கிக் கொடுத்து என்னோடு காவலுக்கு அனுப்புகிறாள்.

தராசு தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் எதையும் பார்க்கலம்மா."

நான் முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவன். என் உடம்பில் நாய் கடிக்காத இடம் உள்ளங்கால் ஒன்றுதான். அந்தத் தொழிலின் முதல் பாடம், கேட்டுக்கு வெளியே நின்று 'மீட்டர்!' என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். நாயோ மனிதரோ, திடுக்கிட்டால்தான் ஆபத்து. காட்டுப்பாதையில் சைக்கிள் ஓட்டப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் 'மீட்டர்!' என்று ஒரு கத்தல். மான், பன்றி எல்லாம் ஒதுங்கிவிடும். சில நாள் மரங்களே ஒதுங்கியதுண்டு.

அன்றைக்குக் காலையில் காட்டுப்பாதையில் எங்களைச் சைக்கிளில் முந்திப்போன இரண்டு பெண்கள் என் கத்தலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். தராசுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அத்தான், கையெடுத்துக் கும்பிடறேன். இனிமேலாவது வாயை மூடிட்டு வாங்க. மானம் போகுது."

சரி போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பெண்கள் இடப்பக்கம் பிரிந்துபோனார்கள், நாங்கள் வலப்பக்கம் திரும்பினோம். காற்று வேறு எங்களை எதிர்த்து அடித்தது. எங்கள் வாடைகூட முன்னால் போயிருக்காது.

அடுத்த வளைவில், பதினைந்தடி தூரத்தில், விழுந்து கிடந்த மரத்தைப் பிராண்டிக்கொண்டிருந்தது கரடி.

இந்த இடத்தில் நான் புளுக மாட்டேன். மெதுவாக இறங்கி, சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினேன். பின்னாலிருந்து என் சட்டையைத் தராசின் கை கொத்தாகப் பிடித்தது. "ஓடிடாதே மச்சான், முதுகைக் காட்டாதே," என்றேன். கரடி எழுந்து நின்றது. சத்தமில்லாமல் நின்றாலும் தப்பு, கத்தினாலும் தப்பு. நிதானமாக ஏதாவது பேசவேண்டும். வாயில் வந்ததெல்லாம் பழைய ரீடிங்தான். "நாலாயிரத்து... இருநூற்று... பதினெட்டு..." எண்ணுக்கு ஓரடியாகப் பின்னால் நகர்ந்தேன். சட்டையைப் பிடித்த கையும் கூடவே நகர்ந்தது. கரடி மூக்கைத் தூக்கி மோந்தது, ஒரு செருமல் செருமியது, சரிவில் இறங்கிப் போய்விட்டது.

சாப்பாட்டு மேசையில் மகளிடம் இதையும் நடந்தது நடந்தபடியே சொல்லி முடித்தேன்.

"கரடி நிஜமா இருந்திருந்தா நீங்க செஞ்சது சரிதாம்ப்பா," என்றாள் மகள். "இல்லைங்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு. சாவியைக் கொடுங்க."

சைக்கிள் பூட்டுச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். உலகத்தையே ஏமாற்றக்கூடிய நாக்கு எனக்கு. அதற்கு அப்போது ஒரு கதைகூட வரவில்லை. நான் நிஜத்தையல்லவா சொல்லித் தொலைத்திருந்தேன்!

அவள் கை சாவிக்கு நீண்டது.

"எடுக்காதம்மா," என்றார் தராசு. "நான் கண்ணை மூடிட்டிருந்தேன். அதான் பார்க்கலன்னு சொன்னேன்."

"கண்ணையா?"

"இறுக்கி மூடிட்டிருந்தேன். அவரைக் கத்தாதீங்கன்னு சொன்னதும் நான்தான்." தண்ணீர் டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார். "நடுவுல ஒரு கண்ணு திறந்துக்கிச்சு."

மகள் அவரையே பார்த்தாள். "எவ்வளவு பெருசு மாமா?"

அரை மில்லிமீட்டருக்குக் கடைத்தெருவையே நிறுத்திவைத்த மனிதர் எழுந்து நின்றார். உள்ளங்கையைத் தட்டையாக விரித்து மார்பு உயரத்தில் பிடித்தார். யோசித்தார். கை நெற்றிக்குப் போனது. போதவில்லை. குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. விரல்நுனி மேசைக்கு மேல் தொங்கிய விளக்கைத் தொட்டு, விளக்கு ஆடியது.

"மின்கம்பமெல்லாம் இல்ல," என்றார், கையை இறக்காமலே. "ஆனா இருந்துச்சு."