ஆறாம் பக்கத்தில் என்ன இருக்கிறது?

ஸைஃபுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் மலாய் எடுத்துப் படித்தவர். ஆனாலும் பரமசிவத்தின் தமிழ் மாதப் பத்திரிகை, புக்கிட் பாத்தோக் தொழிற்பேட்டையில் இருக்கும் ஸைஃபின் அச்சகத்தில்தான் அச்சாகிறது. மாதாமாதம் பத்திரிகை ஆசிரியை வித்யா பக்கங்களைப் பென்டிரைவில் கொண்டுவருவாள். ஸைஃப் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "உள்ள ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல பாய்" என்பாள். இயந்திரம் ஓடும்.

இந்த மாதம் அதே கேள்வி வந்தபோது அவள் கணினித் திரையையே பார்த்தாள்.

"என்ன முழிக்கிற?"

"ஆறாம் பக்கத்துல இருக்கு பாய்."

படித்துக் காட்டினாள். ஒரு வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிக்கு நாள் தவறாமல் ஊசிப்போன சோறு வந்தது. ஏன் என்று கேட்ட மூன்று பேரை நிறுவனம் ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டது. நிறுவனத்தின் பெயர், மூவரின் பெயர் எல்லாம் இருந்தன. வித்யா வாரக்கணக்கில் அலைந்து உறுதிசெய்து எழுதியது.

ஸைஃப் காதைச் சொறிந்தார். "இத்தனை வருஷமா ஒண்ணும் இல்லன்னு சொன்னியே. நெஜமாவே ஒண்ணும் இல்லையா?"

"கோயில் திருவிழா, பட்டிமன்றம், நகைக்கடை திறப்பு. ஒண்ணுமே இல்ல பாய்."

"அதான் நான் நிம்மதியா தூங்கியிருக்கேன்."

அச்சகத்துக்கும் அரசு உரிமம் வேண்டும், பத்திரிகைக்கும் அனுமதி வேண்டும். இரண்டையும் புதுப்பித்தாக வேண்டும். மேலிடத்திலிருந்து இதுவரை ஒரு போன்கூட வந்ததில்லை. வராதபடி இவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

"உன் முதலாளி என்ன சொன்னார்?"

"பிரிண்டர் ஒத்துக்கிட்டா போடுன்னார்."

"கெட்டிக்காரர்தான். தலைய நீட்ட நான், விளம்பரக் காசுக்கு அவர். அவர் வாயால போடுன்னு சொல்லட்டும், இப்பவே போடறேன்."

பரமசிவத்துக்குச் சிராங்கூன் சாலையில் சேலைக் கடை. வித்யா கூப்பிட்டாள். "கடையில கூட்டம்மா, சிக்னல் வேற சரியில்ல" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அனுப்பிய செய்திகளைப் படித்தார், பதில் போடவில்லை. வித்யா அச்சகத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் லிஃப்ட் வரை போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள். கீழே லாரியில் காகிதக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நகத்தைக் கடித்துத் துப்பினாள்.

"அந்தப் பக்கத்த எடுத்துட்டு கோலப் போட்டி போட்டோ ஏதாச்சும் வைலா" என்றார் ஸைஃப். "சட்டுனு முடிச்சுடலாம்."

வித்யா கணினியிலிருந்து பென்டிரைவைப் பிடுங்கினாள். 'இந்த மாதம் பத்திரிகை வராது' என்று பரமசிவத்துக்கு ஒரு வரி அனுப்பிவிட்டுப் பையை மாட்டினாள். வாசலைத் தாண்டவில்லை, போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வராதுன்னா? கடைசிப் பக்கத்துல என் தீபாவளி விளம்பரம்?"

"அதுவும்தான் வராது சார்."

"கண்டெய்னர் வந்து எறங்கிருக்கும்மா! அவ்வளவு சேலையையும் நானா கட்டிக்குவேன்?"

போனின் மறுமுனையில், கடையில் யாரோ பெண் பச்சைக் கரையில் வேறு காட்டச் சொல்வது தெளிவாகக் கேட்டது. சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை.

"போட்டுத் தொலைக்கச் சொல்லு."

"எதை சார்?"

"எல்லாத்தையும்!"

"ஆறாம் பக்கத்தையுமா? ஸைஃப் பாய் கேட்டுட்டு இருக்கார்."

"ஆமா, அந்த எழவையும்தான்!"

ஸைஃப் கையை நீட்டி பென்டிரைவை வாங்கிக்கொண்டார். சாயங்காலம் இயந்திரம் ஓடியது. முதல் பிரதியை எடுத்து ஆறாம் பக்கத்தைப் பார்த்தாள். மூன்று பெயர்களும் இருந்தன. விரலில் மை ஒட்டியது. கடைசிப் பக்கத்தில் பட்டுச்சேலை மினுமினுத்தது. நிம்மதி வரவில்லை. கையிலிருந்த போனை இரண்டு முறை பார்த்துக்கொண்டாள்.

"அடுத்த மாசமும் இப்படி எதையாவது தூக்கிட்டு வருவியா?" என்றார் ஸைஃப்.

"வருவேன். ஆனா அடுத்த மாசம் தீபாவளி இல்லையே பாய்."