மெத்தென்று இறங்கிய பெடல்

சாயங்கால ரயிலில் அக்கா வருகிறாள். "உன் தகர டப்பா மட்டும் ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டா, இனிமே அதைப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். அக்கா வாயை மூடுவது லேசுப்பட்ட காரியமா என்ன? வண்டி நகராவிட்டால் தங்கை ஆயுசு முழுக்கக் கேலி கேட்க வேண்டியதுதான்.

வண்டியோ, கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டால் 'கர்ர்ர்' என்று பல்லைக் கடித்தது.

தங்கைக்குத் தெருவில் ஸ்பேனரம்மா என்று பெயர். பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுவதுதான் அவள் பிழைப்பு. வீட்டுக்காரர் சோபா தைப்பவர். முக்காலியைக் கொடுத்தால்கூட மெத்தை வைத்துத்தான் திருப்பித் தருவார். இந்தக் காரில் இன்ஜின் அவள் பொறுப்பு. சீட்டும் தரைவிரிப்பும் அவர் பொறுப்பு.

"என்னங்க, மிதிங்க!" காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கத்தினாள்.

அவர் மிதித்தார். பெடலிலிருந்து கியர்பாக்ஸ் பக்கம் போகும் கம்பி பாதி தூரம் நகர்ந்து நின்றுவிட்டது. போன வாரம் அதைப் பூட்டியவள் அவளேதான். நட்டைத் திருகிக் கம்பியை நீட்டினாள். மிதிக்காதபோதே கிளட்ச் பிடிக்காமல் வழுக்கும் போலிருக்கவே பழையபடி வைத்தாள். கம்பியின் மூட்டிலிருந்த பின்னைக் கழற்றிப் புதிது போட்டாள். மறுபடியும் கர்ர்ர்.

"கியர்பாக்ஸை இறக்கிட வேண்டியதுதான்" என்றபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதை இறக்கி ஏற்றுவதற்குள் அக்கா வந்து, சாப்பிட்டு, சிரித்து, ஊருக்கே திரும்பிவிடுவாள்.

"எதுக்கும்மா? பெடல் நல்லா மெத்துன்னுதானே இறங்குது?" என்றார் மேலேயிருந்து.

"என்ன சொன்னீங்க?"

"மெத்துன்னு இறங்குதுன்னேன்."

"கிளட்ச் எங்கயாவது மெத்துன்னு இறங்குமா?"

வெளியே ஊர்ந்து வந்து பெடலுக்கு அடியில் கையை விட்டாள். விரிப்பு. அதற்கடியில் ஸ்பாஞ்ச். அதற்கும் அடியில் இன்னொரு ஸ்பாஞ்ச். பெடல் பாதி வழியிலேயே சொகுசாக உட்கார்ந்துகொண்டிருந்தது.

"இது என்னங்க?"

"குதிகால் வலிக்குதுன்னு சொன்னியே... ரெண்டு மடிப்பு சேர்த்து வச்சேன். சொல்லாம செஞ்சா நீ சந்தோஷப்படுவேன்னு பார்த்தேன்."

மூக்கு நுனி வரை வந்த கோபம் அங்கேயே சிரிப்பாகிவிட்டது. தான் பூட்டிய ஒவ்வொரு நட்டையும் சந்தேகப்பட்டவள், அவர் தையலை மட்டும் ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை.

"கத்தரியை எடுங்க."

"நானே வெட்டுறேன். நீ வெட்டினா பிசிறடிக்கும்."

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஆனால் அளவெடுத்து வெட்டினார். கம்பி கடைசி வரை நகர்ந்தது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

கை கழுவிவிட்டு வந்து ஷூவில் காலை நுழைத்தாள். குதிகால் படும் இடத்தில் ஏதோ மெத்தென்றது. வெட்டிய ஸ்பாஞ்ச், வட்டமாக நறுக்கி ஒட்டியிருந்தது. அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அந்த இடத்திலேயே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஸ்டேஷன் வாசலில், வீட்டுக்காரர் முன்சீட்டில் இருக்க, அக்கா பின்சீட்டில் ஏறி, உட்கார்ந்த இடத்தை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தாள்.

"வண்டியைப் பத்தி நான் வாயே திறக்கலம்மா. ஆனா மாப்பிள்ளை, சீட்டு பிரமாதம்!"

ஸ்பேனரம்மா கிளட்சை அடிவரை மிதித்தாள். குதிகால் கொஞ்சமும் வலிக்கவில்லை.